சக்கர நாற்காலி உயரத்தில் ஒரு தீபாவளி

பராமரிப்பு தேவைப்படும் ஒருவர் இருக்கும் வீட்டில் தீபாவளி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: அவரைக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, கூடத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் கொண்டாடுவார்கள். அன்புக்குக் குறைவிருக்காது, வேலையில்தான் பங்கு இருக்காது. சிங்கப்பூரில் 2013 முதல், உடற்குறை உள்ளவர்களுக்கு ஆதரவாகப் பர்ப்பிள் பரேட் என்ற நிகழ்ச்சி நடக்கிறது. அங்கே பேசப்படும் பெருமை வீட்டுக்குள்ளும் வரவேண்டுமானால் கோலமாவும், பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகளும் அவர் கைக்கு எட்டவேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்: எந்த வேலை அவருடையது, யார் தொட்டுத் தூக்கலாம், எத்தனை மணிக்கு ஓய்வு, வருகிறவர்களிடம் அவரைப் பற்றி என்ன சொல்வது. 'உடற்குறை உள்ளவர்' என்று நேராகச் சொல்வதை விரும்புபவர் உண்டு, 'மாற்றுத்திறனாளி' என்பதை விரும்புபவர் உண்டு, அந்தப் பேச்சே வேண்டாம் என்பவரும் உண்டு. அவர் தேர்ந்தெடுத்ததே வீட்டில் புழங்கும் சொல். பதில்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டுங்கள். பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாதென்றால் அவருடைய மொழியிலும் ஒரு பிரதி வேண்டும். தூக்கும் முறையைப் படமாகவும் வரைந்துவிடுங்கள்.

எண்ணெய்க் குளியல்

மற்றெதையும்விட அதிகம் வழுக்கி விழ வைப்பது இதுதான். குளியல் நாற்காலிக்கு மாற்றி, பிரேக் போட்ட பிறகே எண்ணெய் வையுங்கள். முன்னதாக வைத்தால் அக்குள், தொடையின் அடிப்புறம், தூக்குபவரின் உள்ளங்கை என்று பிடிக்கும் இடமெல்லாம் வழுக்கும். இளஞ்சூடான நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி உச்சந்தலைக்குப் போதும். கை எட்டுமென்றால் முதல் சொட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். சீயக்காயும் எண்ணெயும் கலந்து தரையில் சேறாகும். அவரைத் திரும்ப மாற்றுவதற்கு முன் தரை, பிடிகம்பி, நாற்காலிச் சக்கரம் மூன்றையும் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவித் துடையுங்கள். வெறும் தண்ணீர் எண்ணெயை எடுக்காது, பரப்பத்தான் செய்யும்.

கால்களில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சூடு தெரியாது. வெப்பமானி வைத்துப் பாருங்கள், 40 டிகிரியைத் தாண்டவேண்டாம். விடியற்காலைக் குளியல் என்று பிடிவாதமும் வேண்டாம். முதுகுத்தண்டுக் காயம் உள்ள பலருக்கு மலம் கழிப்பது நேரம் வைத்துப் பழக்கியது. ஏழு மணிக்குப் பழகிய குடலை நாலரைக்கு எழுப்பினால் அது ஒத்துழைக்காமல் போகலாம். பிறகு பட்டுவேட்டி கட்டி முடித்த நேரம் பார்த்துத்தான் அசம்பாவிதம் நடக்கும்.

ஆக்சிஜன் குழாய் வைத்திருப்பவர் முகத்தில் எண்ணெய் படக்கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அகல் விளக்கோ சாம்பிராணியோ கருவியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும். சிறிய வீட்டில் அந்தத் தூரம் கிடைப்பது கடினம், அங்கே எல்.இ.டி. அகல்தான்.

கோலம்

60 செ.மீ. சதுரக் கறுப்புப் பலகை ஒன்றை மேசையில் வையுங்கள். மேசைக்கு அடியில் 70 செ.மீ. உயரமாவது இருந்தால்தான் முழங்கால் உள்ளே போகும். பலகை நகராமலிருக்க அடியில் வழுக்காத விரிப்பு போடுங்கள். சலித்த பச்சரிசி மாவும் தண்ணீரும் சம அளவு கலந்து கெட்சப் பாட்டிலில் ஊற்றுங்கள். மாவு அடியில் தங்கி வாயை அடைக்கும், அவ்வப்போது குலுக்கவேண்டும். பிடி தளர்ந்த கைக்குப் பாட்டிலைச் சுற்றிப் பஞ்சுத்தாள் கட்டினால் தடிமன் கிடைக்கும். பார்வையில்லாதவருக்கு 4 செ.மீ. இடைவெளியில் புளூ டாக் என்ற களிமண் போன்ற பசையை உருட்டி ஒட்டினால் அவையே புள்ளி. காய்ந்ததும் பலகையை வாசலோரம் சாய்த்து வைத்துவிடலாம், சக்கரம் ஏறி அழியாது.

வாசல்

சரிவுப்பலகைக்கு 1:12 கணக்கு: 10 செ.மீ. படிக்கு 120 செ.மீ. நீளம். கடையில் மலிவாகக் கிடைக்கும் குட்டைப் பலகையில் நாற்காலி பின்பக்கம் சாயும். தாழ்வாரத்தில் ஆட்கள் நடக்கும் வழியையும் பலகை மறிக்கக்கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 65 வயதானவர் இருந்தால் பிடிகம்பி, சரிவுப்பலகை, வழுக்காத தரைப்பூச்சு ஆகியவற்றுக்கு முதியோர் வீட்டைப் பாதுகாப்பாக மாற்ற உதவும் ஈஸ் (EASE) திட்டத்தில் மானியம் உண்டு. 60 முதல் 64 வயதுவரை உள்ளவருக்கு அன்றாடச் செயலில் உதவி தேவைப்பட்டால் அவருக்கும் உண்டு. வேலை முடிய நாளாகும் என்பதால் பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். சக்கர நாற்காலி, செவிப்புலன் கருவி போன்றவற்றுக்கு உடற்குறை உள்ளவர்களுக்கான அமைப்பான எஸ்ஜி எனேபிளின் உதவித் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி.

இவ்வளவும் செய்துவிட்டு, வந்தவர்களின் செருப்புக் குவியலால் சரிவுப்பலகை மறைந்து போவதுதான் பல வீடுகளில் நடப்பது. செருப்புக்கு எதிர்ப்பக்கம் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

சாப்பாடும் பேச்சும்

விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு முறுக்கு ஆபத்து, அதிரசம் ஒட்டும். சேமியா பாயசத்தில் நீரும் திடமும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் மோசம். பாசிப்பருப்புப் பாயசத்தை அரைத்துச் சலித்து, பேச்சுச் சிகிச்சையாளர் குறித்துக் கொடுத்த பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆறினால் கெட்டியாகும், பரிமாறும் நேரத்தில் மறுபடி பதம் பாருங்கள். எல்லாருக்கும் அதே பாயசத்தை வைத்தால் தனித்தட்டு என்ற பேச்சே எழாது.

பேச முடியாதவருக்கு ஏ4 தாளில் மூன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு கட்டம் போட்ட தமிழ்ப் பலகை செய்யுங்கள். ஆங்கிலப் பலகையில் 'அத்தை' இருக்காது. 'வாங்க', 'போதும்', 'சத்தம் குறைங்க', 'கழிப்பறை', 'நானே செய்றேன்' ஆகியவை கட்டாயம். பளபளக்கும் உறை விளக்கொளியில் எழுத்தை மறைக்கும், மங்கலான உறை வாங்குங்கள்.

"அவர் சாப்பிட்டாரா?" என்று யாராவது உங்களிடம் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அவர் பக்கம் திரும்பிக் காத்திருங்கள், பத்து விநாடியானாலும் சரி. 'ஐயோ பாவம்' பேச்சுக்கு என்ன பதில் என்பதை அவரே முன்கூட்டி முடிவு செய்திருப்பார். அங்பாவ் உறைகளை அகலமான கூடையில், ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி, மடியில் வையுங்கள். பிள்ளைகள் அவரிடம் வந்து வாங்கட்டும்.

உடுப்பில் ஒரு கவனம்: ஒட்டிக்கோ வேட்டி வசதி, ஆனால் மடிப்போ சரிகைத் தையலோ உட்காருமிடத்தின் அடியில் வரக்கூடாது, அழுத்திப் புண்ணாக்கும். புடவை முந்தானையைச் சக்கரத்துக்கு எட்டாமல் குத்திவிடுங்கள். கூட்டத்தில் மறந்துபோகும், அதனால் கைப்பேசியில் அரைமணிக்கொரு மணி வைத்து உடல் எடையை மாற்றி உட்கார வையுங்கள். இரவு படுத்ததும் இடுப்பு, பிட்டம், குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவப்போ நிறமாற்றமோ அரைமணி நேரத்தில் மறையவில்லையென்றால் அந்தப் பக்கத்தில் பாரம் விழாதபடி படுக்க வைத்து, மறுநாள் தாதியிடம் காட்டுங்கள்.