ஆற்றில் பிடித்த டிஸ்கஸ் மீனை வீட்டுத் தொட்டியில் பழக்குவது எப்படி?

கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாக மின்னும் டிஸ்கஸ் மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை. குழாய் நீரும் குருணைத் தீவனமும் அவற்றுக்குப் பழகிப்போனவை. அமேசான் படுகையிலிருந்து பிடித்து வரப்படும் காட்டு டிஸ்கஸ் அப்படியல்ல. பழுப்பு உடல், நீல வரிகள், ஒன்பது கறுப்புப் பட்டைகள், சிவந்த கண் என்று அலட்டாத அழகு அதற்கு. ஆனால் நம் தண்ணீரும் தீவனமும் அதற்கு முற்றிலும் புதியவை. முதல் இரண்டு மாதங்களை நிதானமாகக் கடத்திவிட்டால் பிறகு பண்ணை மீனைவிடப் பெரிய தொல்லை எதுவும் இல்லை. மீன் வளர்ப்பில் ஓரளவு பழகி, காட்டு டிஸ்கஸை முதன்முறையாக வாங்குபவருக்கான குறிப்புகள் இவை. இதுவரை மீனே வளர்க்காதவர் இதிலிருந்து தொடங்க வேண்டாம்.

படி 1: எந்த ஆற்று மீன் என்று கேளுங்கள்

வியன்னாவைச் சேர்ந்த மீனியலாளர் ஹெக்கெல் 1840இல் விவரித்த இனம் இன்றும் அவர் பெயராலேயே விற்கப்படுகிறது. உடலின் நடுவிலுள்ள ஐந்தாவது பட்டை மிகத் தடித்திருந்தால் அது ஹெக்கெல் டிஸ்கஸ். ரியோ நெக்ரோ போன்ற கருநீர் ஆறுகள் அதன் வீடு. அங்கே நீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருக்கும். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 4 முதல் 5 வரை. கரைந்த உப்பு என்று சொல்ல ஏதுமில்லை. தெஃபே பகுதியின் பச்சை டிஸ்கஸ், அலென்கேர் பகுதியின் பழுப்பு டிஸ்கஸ் ஆகியவை இவ்வளவு பிடிவாதம் காட்டுவதில்லை. முதல் முறை வாங்குபவருக்குப் பழுப்பு அல்லது நீல வகையே என் பரிந்துரை. ஹெக்கெலை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றிரண்டாக வாங்காதீர்கள். ஐந்தாறு மீன்களாவது வேண்டும். இரண்டே மீன்கள் இருந்தால் வலிமையானது மற்றதை மூலையில் ஒடுக்கிவிடும்.

படி 2: தொட்டி

ஆறு மீன்களுக்கு 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி போதும். 300 லிட்டர் கொள்ளும். ஆள் நடமாட்டம் குறைந்த சுவரோரம் வையுங்கள். பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். மிரண்டால் துள்ளும் மீன் என்பதால் மூடி கட்டாயம்.

மணலும் செடியும் இப்போது வேண்டாம். அடித்தளம் வெறுமையாக இருந்தால்தான் மிஞ்சிய உணவும் மலமும் கண்ணில் படும். ஆனால் ஒதுங்க இடம் தர வேண்டும். மழைக்காலத்தில் அமேசான் ஆறுகள் பத்து மீட்டர் வரைகூட உயர்ந்து காட்டுக்குள் புகுந்துவிடும். டிஸ்கஸ்கள் மரங்களுக்கிடையே பரவி மேயும். நீர் வடிந்ததும் கரையோரம் சாய்ந்து கிடக்கும் மரங்களின் கிளைக் குவியல்களில் கூட்டமாகத் தஞ்சம் புகும். மீனவர்கள் இரவில் விளக்கடித்துக் கைவலையால் பிடிப்பது அப்போதுதான். எனவே செங்குத்தாக நிற்கும் இரண்டு மூன்று மரக்கிளைகளும் மங்கலான வெளிச்சமும் போதும்; மீன் தன்னைப் பத்திரமாக உணரும். (ரியோ நெக்ரோ கரையிலுள்ள பார்செலோஸ் ஊரில் அலங்கார மீன்களுக்கென்றே ஒரு திருவிழா உண்டு. ஊர் இரண்டாகப் பிரிந்து ஓர் அணி கார்டினல் டெட்ரா என்ற சிறு மீனுக்காகவும் மற்றோர் அணி டிஸ்கஸுக்காகவும் ஆடிப்பாடும்.)

படி 3: தண்ணீர்

பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. வெப்பம் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ், பிஎச் 6 முதல் 6.5, டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 100க்குள் என்பது பழுப்பு, நீல வகைகளுக்கு நல்ல இலக்கு.

சென்னை போன்ற ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் டிடிஎஸ் பல நூறைத் தாண்டும். பிஎச்சைக் குறைக்க அதில் நாட்டு வாதுமை இலையை எவ்வளவு போட்டாலும் பிஎச் இறங்காது. நீரிலுள்ள கார்பனேட் உப்புகள் இலையின் அமிலத்தை விழுங்கிவிடும். நிறம் மட்டும் மாறும். இலை பயன் தர வேண்டுமானால் முதலில் நீர் மென்மையாக வேண்டும். அதற்கு ஆர்.ஓ. நீரே வழி. குளோரின் நீக்கிய குழாய் நீரை அதில் சிறிதளவு கலந்து, மீட்டரால் அளந்து இலக்குக்குக் கொண்டுவாருங்கள். வெறும் ஆர்.ஓ. நீரில் பிஎச் எந்நேரமும் சரியக்கூடும். கலந்த நீரை ஒரு டிரம்மில் சேமித்து, ஹீட்டரும் காற்றுக்கல்லும் போட்டு ஒரு நாள் வைத்திருந்த பிறகே தொட்டிக்கு மாற்றுங்கள். நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த காய்ந்த இலைகளைக் கழுவி, 50 லிட்டருக்கு ஒன்று வீதம் இப்போது போடலாம்.

பிஎச் இறக்கும் ரசாயனக் குப்பிகளைத் தொடாதீர்கள். எண் சற்று விலகியிருந்தாலும் நிலையாக இருந்தால் மீன் சமாளிக்கும். காலையில் 6, மாலையில் 7.5 என்று ஆடினால் சமாளிக்காது.

படி 4: ஃபில்டரைப் பழுக்க வையுங்கள்

மீன் வருவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே, நோயில்லாத வேறொரு தொட்டியில் இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை ஓடவிடுங்கள்; மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாக்கள் அவற்றில் குடியேறட்டும். இந்தப் பாக்டீரியாக்கள் பிஎச் 6க்குக் கீழே மந்தமாகிவிடும்; அமில நீரில் அவற்றைப் புதிதாக வளர்க்க முயல்வது வீண். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றோட்டத்தில் கஞ்சம் கூடாது. மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

படி 5: மீன் வரும் நாள்

நீண்ட பயணத்தில் பையிலுள்ள நீரில் அம்மோனியா சேரும். மீன் வெளிவிடும் கரியமில வாயுவால் பிஎச் இறங்கியிருப்பதால் அதன் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும். பிஎச் ஓர் அலகு ஏறினால் நச்சு அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டு நீர் விட்டுப் பழக்குவது இங்கே நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும்.

விற்பவரிடம் அவர் தொட்டியின் பிஎச், டிடிஎஸ், வெப்பம் மூன்றையும் முன்பே கேட்டு, உங்கள் தொட்டியை அதற்கு ஒத்ததாகத் தயார் செய்து வையுங்கள். விளக்கை அணையுங்கள். மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு திறந்து, பை நீரை வாளியில் வடித்துவிட்டு மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள். உங்கள் இலக்குக்கு நீரை நகர்த்தும் வேலையை அடுத்த வாரங்களில், நீர் மாற்றும்போது சிறிது சிறிதாகச் செய்யலாம்.

மீன்கள் கறுத்துப்போய்க் கூட்டமாக மூலையில் நிற்கும். அது இயல்பு. ஒரு நாள் முழுக்க விளக்கும் உணவும் வேண்டாம். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

படி 6: உணவு

ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம்கூடச் சாப்பிடாது. பதற வேண்டாம். உயிருள்ள ஆர்ட்டீமியா (மிகச் சிறிய உவர்நீர் இறால்), சுத்தமான நீரில் வளர்ந்த கொசுப்புழு ஆகியவற்றில் தொடங்குங்கள். அசைவது கண்ணில் பட்டால் கொத்தும். அடுத்து உறைய வைத்த இரத்தப்புழு. அதைத் தயங்காமல் தின்னத் தொடங்கிய பிறகு, மென்மையான குருணையை அதனுடன் கலந்து பழக்கலாம். மீனின் பசியைப் பார்த்தே அடுத்த உணவுக்குப் போக வேண்டும். கால்நடை இதயம் அரைத்த கலவையைப் பண்ணைக்காரர்கள் சீக்கிரம் வளரத் தருவார்கள். ஆற்றில் பாசியும் மட்கிய இலைத்துகளும் சிறு உயிர்களும் மேய்ந்த மீனுக்கு அது தேவையில்லை. ஸ்பைருலினா என்ற நுண்பாசி கலந்த தீவனம் மேல். எது போட்டாலும் இருபது நிமிடத்தில் மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

படி 7: நோயைக் கவனியுங்கள், முந்திக்கொள்ளாதீர்கள்

காட்டு மீனோடு ஒட்டுண்ணிகளும் வரும். ஒரு பக்கச் செவுளை மூடியபடி வேகமாக மூச்சுவிட்டால் செவுள் புழுவைச் சந்தேகியுங்கள்; அதற்கு பிராசிகுவான்டெல் மருந்து. மலம் வெள்ளை நூலாக வந்து, தீனியை வாயிலெடுத்துத் துப்பினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், மெட்ரோனிடசோல் பயன்படும். பட்டினி கிடக்கும் மீனும் வெண்மலம் கழிக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வந்த அன்றே மூன்று மருந்துகளைக் கலந்து ஊற்றும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மெலிந்த மீனை மருந்தே கொன்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு மருந்து, அளவு அறிந்தவரிடம் கேட்டு.

வாரம் இருமுறை கால் பங்கு நீரை, அதே வெப்பமும் டிடிஎஸ்ஸும் உள்ள நீரால் மாற்றுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

படி 8: இரண்டு மாதங்களுக்குப் பிறகு

எல்லா மீன்களும் தின்று, நிறம் தெளிந்து, நெற்றிச் சதை நிரம்பியிருந்தால் மெல்லிய மணல் பரப்பலாம். துணைக்குக் கார்டினல் டெட்ரா கூட்டம் பொருந்தும். இந்த வெப்பத்தைத் தாங்கும், ரியோ நெக்ரோவின் மீன் அது. பண்ணை டிஸ்கஸைச் சேர்க்காதீர்கள். பார்க்க நலமாக இருந்தாலும் ஒன்றின் கிருமி மற்றதைச் சாய்த்துவிடும். இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்து மரக்கிளையைச் சுத்தம் செய்யத் தொடங்கினால் அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றலாம். முட்டை பொரிந்தாலும் பெற்றோரைப் பிரிக்காதீர்கள். குஞ்சுகளின் முதல் உணவு பெற்றோரின் தோலில் சுரக்கும் சளி.