தாடி ஓணானுக்கு வெளிச்சமும் சாப்பாடும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

தாடி ஓணான் எனப்படும் பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளைச் சேர்ந்தது. நம் வேலியோரத்து ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான். காலையில் கட்டை மேலோ பாறை மேலோ ஏறி வெயில் காய்ந்து, உடம்பு நன்றாகச் சூடேறிய பிறகுதான் இரை தேடக் கிளம்பும். தொட்டிக்குள் வளர்க்கும்போது அந்த வெயிலை நாம்தான் கொடுத்தாக வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் சாப்பாட்டுக்கு நிறைய மெனக்கெடுவார்கள், லைட் விஷயத்தில் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். வெளிச்சம் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல சாப்பாடும் உடம்பில் ஒட்டாது, அதனால் லைட்டிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் சூடு

வளர்ந்த டிராகனுக்குத் தொட்டி குறைந்தது 120 செ.மீ. நீளம் இருக்கட்டும். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் அது தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ள முடியும். சூடான முனையில் ஒரு தட்டைக் கல் வைத்து, அதற்கு நேர் மேலே ஹாலஜன் பல்பு மாட்டுங்கள். கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், மறுமுனை 24 முதல் 28 டிகிரி. எத்தனை வாட் பல்பு என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில் சொல்ல முடியாது, தொட்டியின் உயரத்தையும் உங்கள் வீட்டின் தட்பவெப்பத்தையும் பொறுத்தது அது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கல்லையே அளந்து பார்த்து, அதற்கேற்ப பல்பை மாற்றுங்கள் அல்லது டிம்மர் போடுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள், அது கண்ணாடிப் பக்கத்துச் சூட்டைத்தான் காட்டும்.

சூடேறும் செயற்கைக் கல் வேண்டவே வேண்டாம், வயிறு வெந்துபோகும். இரவில் எல்லா விளக்கும் அணைய வேண்டும். வீடு 18 டிகிரிக்குக் கீழே போகாதவரை இரவுச் சூடு தேவையில்லை. சிவப்பு பல்பும் வேண்டாம், அந்த வெளிச்சம் அதன் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், தூக்கம் கெடும்.

அடுத்தது யூவிபி

யூவிபி என்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரில் ஒரு வகை. இதுதான் உயிர்நாடி. சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். யூவிபி இல்லாமல் கால்சியம் பொடியை அள்ளித் தூவினாலும் பெரும்பகுதி வீண்தான்.

வாங்க வேண்டியது டி5 ஹெச்ஓ (T5 HO) என்ற, அதிகத் திறனுள்ள மெல்லிய நீள யூவிபி டியூப், அதில் யூவிபி அளவு 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டிருக்கும். தொட்டி நீளத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். சுருள் வடிவ சின்ன பல்பின் கதிர் ஒரு சிறு வட்டத்துக்குள் முடிந்துவிடும், இவ்வளவு பெரிய பல்லிக்கு அது போதாது. டியூபைச் சூடான பக்கத்திலேயே, தலைக்கு மேலே மாட்டுங்கள். பக்கவாட்டில் வைத்தால் நேராகக் கண்ணில் அடிக்கும். எவ்வளவு உயரம் என்பதற்கு டியூப் தயாரிப்பாளர் தரும் தூர அட்டவணையைப் பாருங்கள். இடையில் கம்பி வலை இருந்தால் கதிரில் கணிசமான பங்கை அது தடுத்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சாதாரணக் கண்ணாடி கிட்டத்தட்ட முழுவதையும் தடுத்துவிடும், அதனால் ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, டியூப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே யூவிபி குறைந்துகொண்டு வரும், கண்ணுக்குத் தெரியாது. டி5 என்றால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மாட்டிய தேதியை டியூப் முனையில் மார்க்கரால் எழுதிவையுங்கள். டைமர் போட்டு ஒரு நாளைக்கு 12 மணி நேரம், கோடையில் 14 வரை எரியவிடலாம்.

பூச்சிகள்

குட்டிக்குப் பூச்சிதான் பிரதான உணவு. தினமும் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், மீதி எல்லாம் கீரை, காய். பூச்சியின் அளவு டிராகனின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. சுவர்க்கோழி, டூபியா கரப்பான், கருப்பு சோல்ஜர் ஈயின் புழு எல்லாம் நல்லவை (ஆஸ்திரேலியாவில் டூபியா வைத்திருக்க அனுமதியில்லை, அங்கே வுட்டி கரப்பான்தான்). கொடுப்பதற்கு முந்தைய நாளே பூச்சிகளுக்குக் கீரையும் கேரட்டும் போட்டு வயிற்றை நிரப்புங்கள், பட்டினிப் பூச்சியில் சத்து இருக்காது. பிறகு ஒரு பையில் போட்டு, பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியைத் தூவிக் குலுக்குங்கள். குட்டிக்கு அநேகமாக தினமும், வளர்ந்ததற்குப் பூச்சி தரும் நாட்களில். வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம், மருந்தடித்திருக்கலாம். மின்மினிப் பூச்சி ஒன்றே ஒன்று கூட உயிரை எடுத்துவிடும்.

கீரை, காய்

கடுகுக் கீரை, காலர்ட் இலை (முட்டைக்கோஸ் இனம்), டேன்டேலியன் இலை, துருவிய பட்டர்நட் பூசணி எல்லாம் தினமும் தரலாம். பசலையையும், நம் வீடுகளில் அடிக்கடி வாங்கும் அரைக்கீரை, தண்டுக்கீரை வகைகளையும் தினசரி உணவாக்க வேண்டாம். இவற்றிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அவகாடோ விஷம், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பழம் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

லைட் போட்டு ஒரு மணி நேரம் கழித்து முதல் சாப்பாடு. கடைசிச் சாப்பாட்டுக்கும் லைட் அணைவதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள், சூடு இல்லாமல் அதற்குச் செரிக்காது.

விரல்கள் துடிப்பது, தாடை மெத்தென்று ஆவது, கால் வளைவது, உடம்பைத் தூக்க முடியாமல் தவழ்வது, இவையெல்லாம் கால்சியம் குறைவதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் கால்சியம் பொடியைக் கூட்டிப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள். போகும்போது தொட்டியின் படம், டியூபின் பெயர், மாட்டிய தேதி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.