பிச்சாவரம் படத்தில் காடு கறுத்துப்போனது ஏன்?

கடலூர் கடற்கரைக்கு லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படங்களைக் கூர்மையாக்கியபோது (நுணுக்கமான கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டு வண்ணப் படத்தின் விவரத்தைக் கூட்டியபோது) பிச்சாவரம் அலையாத்திக் காடு மட்டும் கரிக்கட்டையாக வந்தது. உப்பனாற்றுக் கரை, வயல் வரப்பு எல்லாம் தெளிவு.

காரணம் எடைகள்தான், அதாவது ஒவ்வொரு பட்டைக்கும் (ஒளியின் ஒரு அலைநீள வரம்பில் எடுத்த படம்) கணக்கில் தரும் பங்கு. 8ஆம் பட்டையின் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிக்சல் 15 மீட்டர். வண்ணப் பட்டைகள் 30 மீட்டர். ஆனால் 8ஆம் பட்டை பார்ப்பது சுமார் 0.50 முதல் 0.68 மைக்ரான் வரைதான், அதாவது பச்சையும் சிவப்பும். அகச்சிவப்பு அதில் இல்லை. கூர்மையாக்கும் மென்பொருளான ஜிடால் (GDAL) பான்ஷார்பன் கருவியில் எடை கொடுக்காவிட்டால் எல்லாப் பட்டைக்கும் சமப் பங்கு. கருவி 8ஆம் பட்டையை, எடைப்படி கூட்டிய பட்டைகளால் வகுத்து, அந்த விகிதத்தால் ஒவ்வொரு பட்டையையும் பெருக்குகிறது. இலை அகச்சிவப்பில் பளீரென்று இருப்பதால் வகுக்கும் எண் பெருத்து, காடு இருண்டுவிடுகிறது.

நீலம் 0.07, பச்சை 0.51, சிவப்பு 0.42, அகச்சிவப்பு 0 என்று கொடுத்ததும் பச்சை திரும்பியது.

அதற்கு முன் இன்னொரு வேலை: ஒவ்வொரு பட்டையிலும் 5000 கழிக்க வேண்டும். எதிரொளிப்பு (விழும் ஒளியில் திரும்பும் பங்கு) என்பது பிக்சல் மதிப்பு × 0.00002 − 0.1, அந்த 0.1 (5000 × 0.00002) உள்ளே இருக்கும்வரை விகிதம் சரியாக வராது, இருண்ட கடலில் அது அப்பட்டமாகத் தெரியும். கழிக்கும்போது படத்துக்கு வெளியே உள்ள 0 மதிப்பைத் தொடாதீர்கள்.

லெவல் 1 (வளிமண்டலத் திருத்தம் செய்யாத) கோப்புகளையே இறக்குங்கள். அந்தத் திருத்தம் செய்த லெவல் 2-இல் 8ஆம் பட்டையே கிடையாது.

கூர்மையாக்கிய இந்தப் படத்தில் என்டிவிஐ (சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிடும் தாவரப் பசுமைக் குறியீடு) போடுவது வீண். இரு பட்டையும் ஒரே விகிதத்தால் பெருகியிருப்பதால் பழைய 30 மீட்டர் விவரம்தான் மிஞ்சும்.