பழகிப்போன மன உளைச்சலும் இதயமும்: நாம் செய்யும் தவறுகள்

"வேலை டென்ஷன்தான் சிஸ்டர், வேற ஒண்ணும் இல்ல. பழகிடுச்சு."

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சின்ன மருந்தகத்தில் (கிளினிக்கில்) பல ஆண்டுகள் தாதியாக இருந்தேன். அங்கே வந்த தமிழர்களிடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை இந்தப் "பழகிடுச்சு"தான். லோரி ஓட்டுநர் சொல்வார், கிடங்கு மேற்பார்வையாளர் சொல்வார், இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் கவனித்துக்கொண்டு வேலைக்கும் ஓடும் பெண்ணும் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் கையில் கட்டிய பட்டை இறுகித் தளர்ந்திருக்கும். ரத்த அழுத்தக் கருவியின் திரையில் பல நேரம் மேல் எண் 160ஐத் தாண்டித் தெரியும். மனம் எதற்கும் பழகிக்கொள்ளும், உண்மைதான். ரத்தக் குழாய் பழகிக்கொள்வதில்லை. மற்ற தவறுகள் பலவும் இந்த ஒன்றை அறியாததால்தான் வருகின்றன.

ஆபத்து என்று மூளை நினைத்த உடனே, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையைத் தொடங்கிவிடும். அட்ரினலின் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது, குழாய்களை இறுக்குகிறது. காயம் பட்டால் ரத்தம் கொட்டிவிடக்கூடாதே என்று ரத்தமும் சீக்கிரம் உறையத் தயாராகிறது. பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. நாய் துரத்தினால் இவ்வளவும் நம் உயிரைக் காக்கும். ஓடி முடித்துக் கதவைச் சாத்தியதும் எல்லாம் இறங்கிவிடும். ஆனால் துரத்துவது வீட்டுக் கடன் தவணை, மகனின் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, இரவு 11 மணிக்கு வரும் மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி என்றால் எங்கே ஓடுவது? எந்தக் கதவைச் சாத்துவது? உடல் தயார் நிலையிலேயே நின்றுவிடுகிறது. மாதக்கணக்கில் அப்படி நின்றால் அழுத்தம் ஏறியபடியே இருக்கும், குழாயின் உட்சுவர் மெல்லப் புண்ணாகும், அந்த இடத்தில் கொழுப்பு படியும், இடுப்பைச் சுற்றியும் கொழுப்பு சேரும்.

மூளைக்கும் இதயத்துக்கும் உள்ள இந்த வழியை ஆய்வாளர்கள் ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் 293 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி யாருக்கு அதிகம் சுறுசுறுப்பாக இருந்ததோ, அவர்களுக்கு ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் வேலையும் ரத்தக் குழாய்களின் அழற்சியும் கூடுதலாக இருந்தன. பின்னாளில் இதய நோயும் பக்கவாதமும் அவர்களுக்கே அதிகம் வந்தன. அதற்கு முன்பே, 2004ல், 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு மாரடைப்புக்கான முக்கியக் காரணங்களைப் பட்டியலிட்டபோது புகைபிடித்தல், கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் (நீரிழிவு) ஆகியவற்றோடு மன உளைச்சலையும் சேர்த்தது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. அந்த ஆறு ஆண்டுகள் நம்முடையவை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

சரி, தவறுகளுக்கு வருவோம்.

பிரஷர் கூடுதலாக இருக்கிறது என்று சொன்னால், "இப்ப அவசரமா வந்தேன், அதான் ஏறியிருக்கு, அப்புறம் இறங்கிடும்" என்பார்கள். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். மருத்துவரைப் பார்த்தாலே ஏறிவிடுபவர்கள் உண்டு. ஆனால் இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு, அதைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம். மருந்தகத்தில் உட்காரும் அரை மணி நேரம்தான் சிலருக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. அங்கே 128 காட்டும். வேலையிடத்திலும் வீட்டிலும் 150ஐத் தொடும். மறைந்திருக்கும் ரத்தக் கொதிப்பு என்று இதைச் சொல்வார்கள். ஒரே ஒரு முறை பார்த்த எண்ணை வைத்துப் பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு.

வீட்டில் ஒரு கருவி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டும் வகையே நம்பகமானது. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கோப்பியும் சிகரெட்டும் கூடாது. கழிவறைக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்தில், மேசைமேல் இருக்கட்டும். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஒரு வாரம் எழுதி வாருங்கள். வீட்டில் எடுத்த எண்களின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மருந்தகத்தில் அந்தக் கோடு 140/90. தலைவலியோ மயக்கமோ வந்தால்தான் பிரஷர் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ரத்தக் கொதிப்பு எந்த அறிகுறியும் காட்டாது.

அடுத்தது, உளைச்சலைத் தணிக்க நாம் கையில் எடுக்கும் பொருள்கள். சிகரெட் பிடித்தால் மனம் அமைதியாகிறது என்பார் ஒரு அண்ணன். அந்த அமைதி, முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் குறைந்ததால் வந்த தவிப்பு அடங்குவதுதான். அதே நேரத்தில் நிக்கோட்டின் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. பீர் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். மாலை 5 மணிக்குக் குடித்த கோப்பியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும். கோப்பியை விடச் சொல்லவில்லை. காலையில் ஒன்றோ இரண்டோ, முடிந்தால் பால் சர்க்கரை இல்லாத கோசோங், மதியத்துக்கு மேல் வேண்டாம், அவ்வளவுதான். இரவு வேலை முடித்து 11 மணிக்கு நண்பர்களோடு பரோட்டாவும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவதில் இருக்கும் ஆறுதல் எனக்குப் புரிகிறது. அந்த ஆறுதல் நண்பர்களிடமிருந்து வருகிறது. நண்பர்களை விடாதீர்கள், அந்த நேரத்துச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள்.

தூக்கத்தை வெட்டி நேரம் சேர்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நன்றாகத் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு இறங்கும். நாள் முழுவதும் அடிபட்ட குழாய்களுக்குக் கிடைக்கும் ஒரே இளைப்பாறல் அது. ஐந்து மணி நேரம் மட்டும் தூங்குபவருக்கு அந்த இளைப்பாறலும் பாதியில் நின்றுவிடுகிறது. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார் என்று மனைவி சொன்னால், அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பது ரத்தக் கொதிப்புக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஓவர்டைம் பற்றிப் பேசினால் பலருக்குக் கோபம் வரும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவரிடம் வேலையைக் குறை என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனாலும் கணக்கு தெரிந்திருக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய ரத்தக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம். ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் என்றால் 57 மணி ஆகிவிட்டது. உட்லண்ட்ஸிலிருந்து துவாஸ் போய்வரும் பயணம் இதில் சேராது.

"டிசம்பர்ல ஊருக்குப் போய்ட்டு வந்தா எல்லாம் சரியாகிடும்." இதையும் அடிக்கடி கேட்பேன். திருச்சிக்கோ சென்னைக்கோ போய், இரண்டு வாரத்தில் நான்கு கல்யாணம், மூன்று கோயில், எல்லார் வீட்டிலும் சாப்பாடு, கைக்காசு கரைந்து, போனதைவிடக் களைத்துத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! ஊருக்குப் போவது நல்லதுதான், அம்மாவைப் பார்க்க வேண்டாமா? ஆனால் ஓய்வை ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்டு ஒரே மாதத்தில் எடுத்துக்கொள்ள உடலால் முடியாது. அதற்குத் தினமும் கொஞ்சம் வேண்டும். இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே பேருந்தைவிட்டு இறங்கி நடப்பது, இரவு உணவுக்குப் பிறகு பூங்கா இணைப்புப் பாதையில் இருபது நிமிடம், தூங்கும் முன் ஐந்து நிமிடம் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக இழுத்துவிடுவது. மெதுவான மூச்சு இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பை எழுப்பிவிடுகிறது. வாரத்துக்கு 150 நிமிட நடை சேர்ந்தால் பிரஷர், சர்க்கரை, தூக்கம் மூன்றுக்கும் நல்லது.

தியானம் செய்கிறேன், கோயிலுக்குப் போகிறேன், அதனால் மாத்திரை வேண்டாம் என்று தானாகவே நிறுத்துவது இன்னொரு தவறு. மனம் அமைதியானால் அழுத்தம் ஓரளவு குறையும், மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. குறைப்பதும் நிறுத்துவதும் எண்களைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். நெஞ்சு கனத்தால் "கேஸ்" என்று முடிவு கட்டுகிறோம். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, நெஞ்சில் தைலம், கொஞ்சம் படுத்துப் பார்ப்போம். மாரடைப்பில் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்போது இரண்டு மணி நேரம் இப்படிப் போய்விடுகிறது. நெஞ்சின் நடுவில் அழுத்துவதுபோல வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது என்றால் 995ஐ அழையுங்கள். பெண்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் குமட்டல், மூச்சுத்திணறல், விளங்காத களைப்பு என்று வரலாம். டாக்சி பிடித்துப் போகாதீர்கள், நீங்களே வண்டி ஓட்டிப் போகவே கூடாது. ஆம்புலன்ஸில் வருபவர்கள் வழியிலேயே சிகிச்சையைத் தொடங்குவார்கள். உண்மையான அவசரத்துக்கு, அந்த ஆம்புலன்ஸை அனுப்பும் குடிமைத் தற்காப்புப் படை கட்டணம் வாங்குவதில்லை. விடுதியில் தங்கியிருக்கும் தம்பிகள் காசுக்குப் பயந்து தயங்குவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) பெட்டி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

அது பதற்றத்தால் வந்த படபடப்பாகவும் இருக்கலாம். இருந்தால் நல்லதுதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் ஈசிஜி எடுத்துப் பார்க்கும் மருத்துவர். சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாமாவோ சித்தியோ அல்ல.

பெரிய துயரத்துக்குப் பிறகு வரும் நெஞ்சுவலியை "அழுது அழுது வந்தது" என்று விட்டுவிடுவதும் ஆபத்து. 1990ல் ஜப்பானிய மருத்துவர்கள் தக்கோட்சுபோ என்று ஒரு நிலையை விவரித்தார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அந்தப் பெயர். திடீர் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை அந்தப் பானையைப்போல உப்பிச் செயலிழக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள், ஆனால் தொடக்கத்தில் மாரடைப்பைப்போலவே இருக்கும், மருத்துவமனையில்தான் பிரித்தறிய முடியும். கணவரை இழந்த அக்காவோ அம்மாவோ நெஞ்சைப் பிடித்தால் நம்புங்கள்.

மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதும் ஒரு தவறு, குறிப்பாக நம் ஆண்கள் செய்வது. குடும்பத்துக்குப் பாரமாகக்கூடாது என்ற அன்பினால்தான் மறைக்கிறார்கள், எனக்குத் தெரியும். மனைவியிடம் முடியவில்லை என்றால் 1771 தேசிய மனநல உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 1767ஐ அழையுங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் அமைப்பு மருத்துவத்தோடு மன ஆறுதலுக்கும் உதவுகிறது.

40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்கள், 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொண்டால், பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நாற்பதுக்குக் கீழே இருந்தாலும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். போகும்போது பிரஷர் எழுதிய குறிப்பேட்டை மறக்காதீர்கள். எண்களுக்குப் பக்கத்தில் அந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மருத்துவரோடு இருக்கும் நேரம் பத்து நிமிடம்தான். "பழகிடுச்சு" என்று சொல்லி அதை முடித்துவிடாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள்.