டைரியா, போனா? தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

ஜனவரி வந்தால் வங்கி, நகைக்கடை, மருந்துக் கம்பெனி என்று நாலைந்து டைரிகள் வீட்டில் சேர்ந்துவிடும். அதில் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் ரத்த வகை வரைக்கும் நிரப்பி, பொங்கல் வரை எழுதிவிட்டு, "நமக்கு டைரி ஒத்துவராது" என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். அடுத்து போனில் ஏதாவது ஒரு செயலியை இறக்குவார்கள். அதுவும் ஒரு மாதம் ஓடும். நேரம் குறித்த விஷயத்தையும், உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலையையும் ஒரே இடத்தில் கொட்டுவதால்தான் இரண்டுமே கைவிட்டுப்போகின்றன.

வியாழக்கிழமை 11 மணிக்குப் பல் டாக்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லின் கடைசித் தேதி. வண்டி இன்சூரன்ஸ் முடியும் நாள். இவையெல்லாம் நம்மைக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டிய விஷயங்கள். காகிதத்தால் கூப்பிட முடியாது, போன் கூப்பிடும். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு என்னென்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பது வேறு ரகம். எழுதி, அடித்து, அம்புக்குறி போட்டு மாற்றி, மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். அதற்குக் காகிதம்தான் சரி. போனைத் திறந்தால் அந்தப் பட்டியலுக்கு முன்னால் வாட்ஸப் வந்து நிற்கும்.

கிடைத்த டைரியையே திட்டப் புத்தகமாக்குவது

காகிதப் பக்கம் சாய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இலவச டைரி பெரும்பாலும் நாளுக்கு ஒரு பக்கம். நடந்ததை எழுதிவைக்க அது நல்ல அமைப்பு. நடக்கப்போவதைத் திட்டமிட உதவாது. புதன்கிழமை பக்கத்தில் இருக்கும்போது வெள்ளிக்கிழமை கண்ணில் படாது. பல டைரிகளில் சனியும் ஞாயிறும் ஒரே பக்கத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். வீட்டு வேலை, கல்யாணம், காதுகுத்து எல்லாம் விழுகிற நாட்களுக்குத்தான் இடம் இல்லாமல் போகிறது.

வாரம் முழுவதும் இரண்டு பக்கத்தில் விரிகிற அமைப்பைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு சாதாரண நோட்டில் அளவுகோல் வைத்து ஏழு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், போதும். விலை உயர்ந்த பிளானரை வாங்குமுன் இப்படி ஒரு மாதம் எழுதிப் பார்ப்பது நல்லது; எந்தக் கட்டம் நிரம்புகிறது, எது காலியாகவே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அளவையும் கவனியுங்கள். தினமும் தூக்கிச்செல்லும் பையில் நுழையாத புத்தகம் மேசையிலேயே தங்கிவிடும். உங்கள் வழக்கமான பேனாவால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். மெல்லிய தாளில் ஜெல் பேனா மை மறுபக்கம் தெரிந்தால் பாதிப் புத்தகம் வீண்.

இன்னொரு நம்பிக்கையும் இங்கே சேர்ந்துகொள்கிறது: கையால் எழுதினால் மறக்காது என்பது. இதற்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு. அது பாடக்குறிப்பைக் கையால் எழுதும் மாணவர்களையும் லேப்டாப்பில் தட்டுகிறவர்களையும் ஒப்பிட்டது. அதே சோதனையைப் பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவும் இல்லை. எழுதியாயிற்று, நினைவிருக்கும் என்று நம்பி டாக்டர் சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மணி அடிக்க வைப்பது

போன் பக்கம் சாய்கிறவர்களின் தவறு இது. தண்ணீர் குடி, நடைப்பயிற்சி போ, அம்மாவுக்குப் பேசு என்று நாளுக்குப் பதினைந்து நினைவூட்டல்கள் வைத்தால், மூன்றாவது நாளிலிருந்து விரல் பார்க்காமலே தள்ளிவிடும். அந்தப் பதினைந்தில் பாஸ்போர்ட் அலுவலகமும் ஒன்றாகப் போய்விடும். தவறினால் பணமோ, பயணமோ, ஒருவரின் நம்பிக்கையோ போகும் என்பவற்றுக்கு மட்டும் மணி வையுங்கள்.

வைக்கிற நேரத்தையும் யோசியுங்கள். பல காலண்டர் செயலிகள் நிகழ்ச்சிக்குச் சில நிமிடங்கள் முன்பு, அதிகம் போனால் அரைமணி முன்புதான் தாமாகச் சொல்லும். தாம்பரத்தில் இருப்பவருக்கு எழும்பூரில் 10 மணிக்கு வேலை என்றால் 9.30-க்கு வரும் நினைவூட்டலால் பயனில்லை. மின்சார ரயிலிலேயே முக்கால் மணி நேரம் ஆகும். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு வைக்காமல், வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்துக்கு வையுங்கள். பில், பிரீமியம் போன்றவற்றுக்குக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு வைத்தால் பணம் புரட்ட அவகாசம் இருக்கும்.

மணி அடிக்கவே அடிக்காமல் போவதும் உண்டு. ஆண்ட்ராய்டு 13-லிருந்து புதிய செயலி ஒவ்வொன்றும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கிறது. அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் அதோடு சரி. சில போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, நாம் அடிக்கடி திறக்காத செயலிகளைத் தூங்கவைத்துவிடும். அமைப்புகளுக்குள் போய், உங்கள் காலண்டருக்கு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் கழித்து ஒரு சோதனை நினைவூட்டல் வைத்து, திரையை அணைத்துவிட்டுக் காத்திருந்து பாருங்கள். குறிப்புகள் போனில் மட்டும் சேமிக்கப்படுகின்றனவா, உங்கள் கணக்கிலா என்பதையும் பார்த்துவிடுங்கள். போனில் மட்டும் என்றால், போன் தொலைந்த அன்றே எல்லாம் போயிற்று.

ஒரே சந்திப்பை இரண்டு இடத்தில் எழுதுவது

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் சந்திப்பு செவ்வாயிலிருந்து புதனுக்கு மாறும்போது ஓரிடத்தில் திருத்துவோம், மற்றதை விட்டுவிடுவோம். பிறகு எது சரி என்று தெரியாது. தேதியும் நேரமும் போனில் மட்டும் இருக்கட்டும். காலையில் அன்றைய நேரங்களைப் பார்த்து, அவற்றுக்கு நடுவே செய்யும் வேலைகளை மட்டும் நோட்டில் எழுதினால் குழப்பம் வராது.

அந்த நேரம் யாருடையது என்று பார்க்காமல் விடுவது

சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் 'கேஸ்', 'பால் இல்லை', 'பரீட்சை' என்று கட்டத்துக்குள் எழுதுவது இன்றும் நடக்கிறது. வீட்டில் எல்லோரும் போகவர அதைப் பார்க்கிறார்கள். பாட்டிக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. அதை ஒருவர் தன் போனுக்கு மாற்றினால், வீட்டின் நேரம் அந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாகிவிடும், ஞாபகப்படுத்தும் சுமையும் அவர் தலையிலேயே விழும். எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருந்தால் பகிர்ந்த காலண்டர் ஒன்றைத் தொடங்கலாம். இல்லையென்றால் சுவர்க் காலண்டரை எடுக்காதீர்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் கணக்கு வேறு. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திருப்பிவைப்பார்கள். டொரொண்டோவில் அதே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கும். லண்டன் நேரம் மதியம் 2 மணிக்கு என்று பேசிவைத்த அழைப்பு, குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, கோடையில் மாலை 6.30. இதை டைரியில் வாராவாரம் கணக்குப்போடத் தேவையில்லை. போனில் அந்த அழைப்பைப் பதியும்போது நேர மண்டலத்தை லண்டன் என்று மாற்றிவிட்டால், கடிகாரம் மாறும் வாரத்தில் நம் நேரத்தை அதுவே சரிசெய்துகொள்ளும். சென்னை நேரத்திலேயே பதிந்திருந்தால் அது நகராது.