பழைய லென்ஸ் பார்க்கப் போகிறீர்களா, பையில் ஒரு டார்ச் இருக்கட்டும்

"என்ன கேமரா வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான். "எல்லாமேதான்" என்று பதில் வந்தால், கையில் இருக்கிற போனிலேயே இன்னும் கொஞ்ச நாள் எடுங்கள் என்று சொல்லிவிடுவேன். பகல் வெளிச்சத்தில் தெருவையும் கோபுரத்தையும் தட்டில் இருக்கிற தோசையையும் எடுக்க இன்றைய போன்கள் தாராளமாகப் போதும். கேமரா தேவைப்படுவது போன் கைவிரிக்கிற இடங்களில். மார்கழிக் கச்சேரி மேடையின் மங்கலான வெளிச்சம், வேடந்தாங்கலில் ஏரி நடுவே மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரை, கூடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தை. இந்த மூன்றையும் ஒரே பாடியில், அதாவது லென்ஸ் மாட்டும் கேமராப் பெட்டியில், எடுக்கலாம், ஆனால் ஒரே லென்ஸில் எடுக்க முடியாது. அதனால் கேள்வியே "என்ன லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான் இருக்க வேண்டும்.

பாடிக்குச் செலவு செய்வதில் கையை இறுக்கிப் பிடியுங்கள். 2013-இல் வந்த நிக்கான் டி5300, 2014-இல் வந்த டி3300, 2015-இல் வந்த கேனன் 750டி எல்லாமே 24 மெகாபிக்சல். ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் பிரிண்ட் போடவே சுமார் 17 மெகாபிக்சல் போதும் என்றால், வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு எதற்கு இன்னும் அதிகம்? கேனனின் ஆர்எஃப், நிக்கானின் இசட் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) இரண்டும் 2018-இல் வந்த பிறகு ஆளாளுக்கு மிரர்லெஸ் பக்கம், அதாவது உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா பக்கம், போய்விட்டார்கள். அவர்கள் விற்றுவிட்டுப் போன, அந்தக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர்கள்தான் இன்றைக்குச் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு இது நல்ல காலம். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகிறது என்றால் கணக்கை மறுபடி போடுங்கள்.

முதல் லென்ஸாக எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன், ஏனென்றால் அது சரி. கேனன் என்றால் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கான் என்றால் 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ். (எஃப் எண் சிறிதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்.) கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அது எஃப் 5.6-க்கு இறங்கிவிடும். எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 வைத்துப் புள்ளி புள்ளியாக வந்த படம், அதே ஷட்டர் வேகத்தில் இந்த லென்ஸில் ஐஎஸ்ஓ 640-லேயே வந்துவிடும். எந்தப் புதுப் பாடி வாங்கினாலும் இந்த வித்தியாசம் கிடைக்காது.

நிக்கான் வாங்குபவர்கள் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று பழைய 50 எம்எம் 'டி' வகை லென்ஸை வாங்கி அதில் மாட்டினால் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது என்று அர்த்தம்) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே நேரம் புதிதாக வந்த ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3100, டி5100 மாதிரி பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. கேனனில் இந்தத் தலைவலி கம்மி. 1987-இலிருந்து வந்த கேனன் இஎஃப் லென்ஸ்கள் எல்லாம் கேனன் டிஎஸ்எல்ஆரில் ஆட்டோ ஃபோகஸ் ஆகும், இஎஃப்-எஸ் லென்ஸ்களை மட்டும் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) பாடியில் மாட்ட முடியாது.

சரி, லென்ஸ் முடிவாகிவிட்டது, விற்கிறவரும் கிடைத்துவிட்டார். இனிமேல்தான் டார்ச்சுக்கு வேலை.

சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் செகண்ட் ஹேண்ட் லென்ஸுக்கு முதல் எதிரி ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. கீறல், தேய்ந்த பெயிண்ட், மூடி இல்லாதது இதெல்லாம் இரண்டாம் பட்சம். லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றுங்கள், முன்னும் பின்னும் மூடியை எடுங்கள். பெரும்பாலான நிக்கான் லென்ஸ்களைக் கழற்றினால் உள்ளே அப்பர்ச்சர் (வெளிச்சம் வரும் துளை) இதழ்கள் மூடிக்கொள்ளும். பின்பக்கம் இருக்கும் சின்ன உலோக நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும் (அந்த இதழ்களில் எண்ணெய்ப் பசை இல்லாமல் சட்டென்று திறந்து மூடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்). கேனன் லென்ஸ் கழற்றினாலும் பொதுவாகத் திறந்தேதான் இருக்கும். இப்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். ஒளி நேராகக் கண்ணில் படக் கூடாது, லென்ஸைச் சாய்த்துப் பிடித்து ஓரங்களிலிருந்து நடுவுக்கு மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்புறம் டார்ச்சை முன்பக்கம் வைத்துப் பின்பக்கமாக இன்னொரு முறை. போன் டார்ச் போதும், ஆனால் அதை லென்ஸுக்கு அந்தப் பக்கம் வளைத்துப் பிடிப்பது சிரமம், தனி டார்ச் இருந்தால் வசதி.

உள்ளே நாலைந்து தூசி தெரிந்தால் பயப்படாதீர்கள், புது லென்ஸிலேயே இருக்கும், படத்தில் வராது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை நூல் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ், பெரும்பாலும் கண்ணாடியின் விளிம்பிலிருந்துதான் தொடங்கும். நூல் எதுவும் இல்லாமல் முழுக்கவே பால் கலந்த தண்ணீர் போல மங்கலாக இருந்தால் அது உள்ளே படிந்த புகைப் படலம், அதுவும் வேண்டாம். "சின்ன ஃபங்கஸ்தான் சார், போட்டோல தெரியாது" என்பார் விற்பவர். அவர் சொல்வது அன்றைய தேதிக்கு உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எடுக்கும்போது படம் வெளிறும், போகப் போகப் படர்ந்து கண்ணாடியின் மேல் பூச்சையே அரித்துவிடும், அதற்குப் பிறகு கழற்றித் துடைத்தாலும் தடம் போகாது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. இதில் பேரம் பேசுகிற வேலையே இல்லை.

ஃபங்கஸ் இல்லை என்றால் மிச்சத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முன் வளையம் எங்காவது நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ். பின்பக்கத் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, நேராக நின்று, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு மூலையிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் முதலில் நீங்கள் கோணலாக நின்றீர்களா என்று பார்த்து இன்னொரு படம் எடுங்கள், அப்போதும் அதே மூலை என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

பாடியில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பது. நிக்கானில் அப்போது எடுத்த ஜேபெக் படத்தின் எக்ஸிஃப் (படத்தோடு கேமரா சேமிக்கும் விவரம்) தகவலிலேயே அந்த எண் இருக்கும். கேனனில் பெரும்பாலான மாடல்களில் படத்துக்குள் இருக்காது, கம்ப்யூட்டரில் இணைத்துத் தனி மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். டி5000 வரிசை ஷட்டர்கள் 1,00,000 முறைக்கும், டி7200 மாதிரியானவை 1,50,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் அன்றைக்கே செத்துவிடும் என்று அர்த்தமில்லை, விலையைக் குறைக்கச் சொல்ல ஒரு காரணம், அவ்வளவுதான். 8,000 கவுண்ட் மட்டுமே ஓடி, ஏழு வருடம் பீரோவுக்குள் கிடந்த கேமராவைவிட 40,000 ஓடி வாராவாரம் வெளியே வந்த கேமராவை நான் நம்புவேன், காரணம் மறுபடியும் அதே ஃபங்கஸ்தான்.

அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் இருக்கும் தூசியெல்லாம் கறுப்புப் பொட்டாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கோடு மாதிரி கீறல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டே சில விநாடி எக்ஸ்போஷர் வைத்து எடுத்தால் பழுதாகி எப்போதும் ஒளிரும் பிக்சல்கள் வண்ணப் புள்ளிகளாக வரும். பேட்டரி உப்பியிருக்கிறதா, ஒவ்வொரு பட்டனும் வேலை செய்கிறதா, பிடியில் இருக்கும் ரப்பர் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். உங்கள் எஸ்டி கார்டையே கொண்டுபோய்ப் போட்டு எடுங்கள். ஒரிஜினல் பில்லும் பெட்டியும் கேளுங்கள், பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடியின் அடியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் யாரோ தொலைத்த கேமராவாக இருக்கலாம். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பாருங்கள். பொருளைப் பார்க்கும் முன்பே "ஆயிரம் ரூபாய் ஜிபே பண்ணுங்க, உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்" என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கூட வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். இன்னொரு பேட்டரி, இரண்டு கார்டு, தூசியை ஊதித் தள்ள ஒரு ரப்பர் புளோவர். கார்டுகளில் போலி நிறைய, 128 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி இருக்கும். கார்டு முழுவதையும் எழுதிப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, வாங்கிய அன்றே ஓட்டிவிடுங்கள். கடைக்காரர் காம்போ என்று சேர்த்துக் கட்டுகிற மெல்லிய டிரைபாடும் மலிவு யுவி ஃபில்டரும் வேண்டாம். அந்த ஃபில்டர் இரவில் ஒவ்வொரு தெருவிளக்குக்கும் ஒரு பேய் உருவத்தைப் படத்தில் சேர்க்கும். லென்ஸுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஹூட் (லென்ஸின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வளையம்) மாட்டுங்கள்.

பறவைதான் உங்கள் ஆசை என்றால் உடனே பெரிய லென்ஸுக்குப் போகாதீர்கள். நிக்கான் 200-500 கிட்டத்தட்ட 2.3 கிலோ. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வேடந்தாங்கல் கரையில் நடந்து பார்க்காமல் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அதை விற்றுக்கொண்டிருக்கிறார்கள் (அதில் உங்களுக்கு லாபமும் உண்டு). ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன், காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் காற்று அலையடிக்கத் தொடங்கி எவ்வளவு விலையுள்ள லென்ஸும் கலங்கலாகத்தான் எடுக்கும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000-க்குக் குறையக் கூடாது, 1/2000 இருந்தால் நிம்மதி.

கச்சேரிக்கு வேறு கணக்கு. சபாவில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். எஃப் 1.8 அல்லது 2, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ-வை 3200 வரை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். பாடகரின் முகத்துக்கு 1/125 போதும், மிருதங்கக்காரரின் விரல்களுக்கு 1/250 வேண்டும், கொஞ்சம் கலங்கினால்தான் வேகம் தெரிகிறது என்பவர்களும் உண்டு. பின்னால் கறுப்புத் திரை இருந்தால் கேமரா ஏமாந்துபோய் முகத்தை வெளுக்க வைத்துவிடும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1-இல் வையுங்கள். மேடை விளக்கின் நிறம் பாட்டுக்குப் பாட்டு மாறும், ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுத்தால் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். டிஎஸ்எல்ஆரின் சத்தம் ஆலாபனை நடுவே மூன்று வரிசைக்குக் கேட்கும், சைலண்ட் மோடில் வைத்தாலும் கேட்கும். தனி ஆவர்த்தனம் வரும்வரை பொறுங்கள், அதில் உங்கள் ஷட்டர் யார் காதிலும் விழாது.

வீட்டுக்கு வந்தால் கேமராவைப் பையோடு பீரோவில் வைக்காதீர்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியே கிடந்தால் ஃபங்கஸ் முளைக்கும், கடலோரத்தில் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஒரு சின்ன ஈரப்பதமானி, இது போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும், 30-க்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் மசகு காய்ந்துவிடும் என்பதால் ஜெல்லை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பச்சையாகும். குறைந்த தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். நீலத்தில் இருக்கும் கோபால்ட் உடம்புக்கு ஆகாது, அதனால் சமையல் கடாயில் வறுக்காதீர்கள், அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் ஒதுக்குங்கள். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடும் வழக்கத்தை விடுங்கள், மாவுத் தூசிதான் மிச்சமாகும். லென்ஸ் மூன்று நான்கு சேர்ந்துவிட்டால் ஈரப்பதத்தைத் தானே கட்டுப்படுத்தும் டிரை கேபினட் வாங்கிவிடலாம்.

கடற்கரைக்குப் போனால் அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள், திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் உப்பைத் துடைத்துவிட்டு அப்புறம் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். அதைத் துடைக்கத் துடைக்க மறுபடி படியும், உள்ளேயும் படியும். பையை மூடியபடியே ஒரு அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.