சூடானால் மக்கர் பண்ணும் டீசல் பிக்கப்: நாமே சோதித்துப் பார்ப்போம்

களக்காட்டில் ஏத்தன் வாழைத் தார் ஏற்றி விடியற்காலம் கிளம்பும்போது என் பிக்கப் சாவியைத் தொட்டாலே உறுமும். சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட் வந்து, தாரை இறக்கி, டீ குடித்துவிட்டுச் சாவியைத் திருகினால் ‘ர்ர்ர்… ர்ர்… ர்’ என்று முனகும். “என்ன அண்ணாச்சி, தள்ளணுமா?” என்று லோடுமேன்கள் தானாகவே பின்னால் வந்து நிற்கும் அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். புதுசு போட்டேன். மூன்றாம் நாள் பழைய கதைதான்.

ஓடும்போது தண்ணீர் பம்ப்பும் ஃபேனும் இன்ஜின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். இரும்பில் தேங்கிய சூடு பக்கத்திலுள்ள செல்ஃப் மோட்டார் (சாவி திருகியதும் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்), சென்சார், டீசல் பைப் எல்லாவற்றிலும் ஏறும். அதனால் அணைத்து பத்து, இருபது நிமிடம் கழித்துத்தான் கோளாறு நன்றாகத் தலைகாட்டும். சோதனையை அப்போதே செய்ய வேண்டும். மெக்கானிக் சாப்பிட்டு வருவதற்குள் வண்டி ஆறிவிட்டால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். அவர் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டர், ஸ்பானர், உப்புத்தாள், ஈரத் துணி, சாவி திருக ஒரு ஆள். இவ்வளவு போதும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். வேட்டி, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

முதலில் காதைக் கொடுங்கள்

பாதி பதில் சத்தத்திலேயே இருக்கிறது. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் கரண்ட் கோளாறு. காலையில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றியும் பற்றவில்லை என்றால் டீசல் அல்லது சென்சார். இதைப் பிரிக்காமல் எந்தச் சாமானையும் மாற்றாதீர்கள். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சாவியைப் பிடிக்கவும் வேண்டாம். செல்ஃப் இன்னும் சூடாகும்.

மெதுவாகச் சுற்றினால்

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரியைப் பாருங்கள். வண்டி அணைந்திருக்கும்போது 12.6 பக்கம் இருந்தால் நல்ல சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

பேட்டரி சரி என்றால்தான் அடுத்த சோதனைக்கு வேலை. பல பேர் விட்டுவிடுவது இதைத்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 1.4 காட்டியது. எர்த் கேபிள் கியர்பாக்ஸில் சேரும் போல்ட் மேலே பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றி வாஷரைத் தூக்கினால், உள்ளே பச்சைக் களிம்பு. அதன்மேல் வாழைத் தோட்டத்து மண் பக்கு கட்டியிருந்தது. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் செம்பின் மின்தடை கால் பங்குக்கு மேல் கூடும். நல்ல கேபிள் அதைத் தாங்கும், களிம்பேறியது தாங்காது.

பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டு, கேபிள் முனை, வாஷர், கியர்பாக்ஸ் இரும்பு மூன்றையும் பளபளவென்று வரும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லைன். திரும்பச் சூடாக்கிப் பார்த்ததில் 0.2. செலவு, உப்புத்தாள் காசு மட்டும். அந்தப் பேட்டரிக் காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பிளஸ் பக்கமும் இதே போல, பேட்டரி பிளஸுக்கும் செல்ஃபில் கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கும் நடுவே பாருங்கள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் செல்ஃபைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கார்பன் பிரஷ், புஷ் தேய்ந்திருக்கலாம்.

வேகமாகச் சுற்றியும் பற்றாவிட்டால்

ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். காலையில் செல்ஃப் அடிக்கும்போது லேசாக ஏறும் முள், சூட்டில் அசையாமல் கிடந்தால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம். ஈரத் துணியைச் சென்சார் மேல் ஐந்து நிமிடம் போட்டபின் பற்றினால் சந்தேகம் உறுதி.

முள் ஏறியும் பற்றவில்லையா? டீசலுக்கு வாருங்கள். சூட்டில் டீசல் தண்ணீராக இளகிவிடும். 40 டிகிரியில் இருந்த கெட்டி 100 டிகிரியில் பாதிகூட இருக்காது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் தேய்ந்திருந்து, அதன் வழியே டீசல் ரிட்டனில் (டேங்க் பக்கம் திரும்பும் குழாயில்) ஓடிவிட்டால், எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் ஏறாது. பல வண்டிகளில் 200 பார் அளவுக்கு ஏறினால்தான் கம்ப்யூட்டர் டீசலையே விடும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி வண்டிக்கு நாலு இன்ஜெக்டரும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டன் குழாயையும் உருவி, அந்த இடத்தில் டிரிப்ஸ் டியூப் மாட்டி, நாலு தண்ணீர் பாட்டிலில் விட்டோம். உருவிய பழைய குழாயின் வாயை அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பம்ப் பக்கத்து டீசல் அதன் வழியே கொட்டும். சூடான இன்ஜினை இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டோம். மூன்று பாட்டிலில் அடி நனைந்தது. மூன்றாம் சிலிண்டர் பாட்டிலில் மட்டும் நாலு விரற்கடை உயரம். டீசலை ரிட்டனில் விடுவது அந்த இன்ஜெக்டர்தான்.

ஒன்று எச்சரிக்கை. தொட வேண்டியது மெல்லிய ரிட்டன் குழாயை மட்டும். ரெயிலிலிருந்து வரும் இரும்புப் பைப்பை வண்டி ஓடும்போது தளர்த்தவே கூடாது; அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வண்டியைப் பற்ற வைக்க ஏர் பில்டரில் பெட்ரோல் துணி காட்டும் வித்தையும் வேண்டாம்.

அண்ணாச்சி அந்த ஒரு இன்ஜெக்டரை மட்டும் கழற்றி டீசல் பம்ப் ரிப்பேர் கடையில் கொடுத்தார். திரும்ப மாட்டும்போது புதுச் செம்பு வாஷர் போடச் சொல்லுங்கள். புது இன்ஜெக்டரே போடுவதானால், அதன் தலையில் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஸ்கேனர் வைத்து வண்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.